இருபத்தாறு போட்டி, இருபது கார்டு

அமெரிக்க கோல்ஃபின் இரண்டாம் படியான கோர்ன் ஃபெரி டூரில் மேலே ஏறும் வாசல் சுருங்கிவிட்டது. அந்த வாசலில் முட்டி மோதுகிறவர்களின் ஓராண்டு ஓட்டம் இது.

2017 ஜனவரி. பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்சுமா தீவு. விளம்பரப் படங்களில் பார்க்கும் அதே நீலக் கடல்தான், ஆனால் அன்று காற்று பேயாட்டம் ஆடியது. மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டி வீசிய காற்றில் கொடிக்கம்புகள் வளைந்தன. ஃபேர்வேயின் நடுவைப் பார்த்து அடித்த பந்து பாதி வழியில் திசை மாறி, புதருக்குள்ளோ கடலுக்குள்ளோ போய் விழுந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த கிரெக் ஈசன் முதல் நாளை 91 அடிகளில் முடித்தார். இரண்டாம் நாள் 95. இரண்டு நாளில் அவர் தொலைத்த பந்துகள் 32.

தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்கு 80 அடிகளே அவமானம். முதுகு பிடித்துக்கொண்டது, மணிக்கட்டு வலிக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஈசன் விலகவில்லை. 36 குழிகளையும் ஆடி, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது பட்டம் வென்ற கைல் தாம்சனின் மொத்தக் கணக்கே பாருக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகள்) வெறும் இரண்டு அடிகள்தான் குறைவு. வந்திருந்த அத்தனை பேரையும் அந்தக் காற்று படுத்திய பாடு அது.

ஐந்து வருடம் கழித்து, 2022 ஜனவரியில், அதே மைதானத்தில் 19 வயதுப் பையன் ஒருவர் கோப்பையைத் தூக்கினார். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அக்‌ஷய் பாட்டியா. அடுத்த ஆண்டே அவர் பி.ஜி.ஏ. டூரில் பட்டம் வென்றார்; இன்று அங்கே நிலைத்த பெயர். ஒரே புல்வெளி ஒருவரின் 32 பந்துகளைத் தின்றது, இன்னொருவருக்கு வாழ்க்கையைத் திறந்துவிட்டது. கோர்ன் ஃபெரி டூர் என்பது இந்த இரண்டும்தான்.

இரண்டாம் படி என்றால் என்ன?

டைகர் உட்ஸ், ரோரி மெக்கில்ராய் என்று நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது பி.ஜி.ஏ. டூர். அதில் ஆடுவதற்கான உரிமையைத்தான் 'கார்டு' என்கிறார்கள். கார்டு இல்லாதவர்களுக்கான தகுதிக் களம் கோர்ன் ஃபெரி டூர். ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடியும். ஒவ்வொரு போட்டியிலும் எடுத்த இடத்துக்கேற்பப் புள்ளிகள். சாதாரணப் போட்டியில் ஜெயித்தால் 500, கடைசிச் சுற்றுப் போட்டிகளில் 600. சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலின் மேலே இருக்கும் சிலருக்கு மட்டும் கார்டு. நடுவிலேயே மூன்று பட்டம் வென்றுவிட்டால் சீசன் முடியக் காத்திருக்க வேண்டாம், உடனடி உயர்வு.

அந்த 'சிலர்' எத்தனை பேர் என்பதில்தான் இப்போது பிரச்சினை. 2013 முதல் ஆண்டுக்கு 50 கார்டுகள் கிடைத்தன. 2023இல் அது 30 ஆனது. 2024 நவம்பரில் பி.ஜி.ஏ. டூரின் நிர்வாகக் குழு ஒரு வாக்கெடுப்பு நடத்தி 20 ஆகக் குறைத்தது. 2025 சீசன்தான் இந்தப் புதிய கணக்கின் கீழ் ஆடப்பட்ட முதல் சீசன்.

*பெட்டிச் செய்தி*
ஆறு பெயர், ஒரே ஓட்டம்
1990இல் பென் ஹோகன் டூர் என்ற பெயரில் தொடங்கியது. முதல் போட்டி கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில். வென்றவர் மைக் ஸ்பிரிங்கர். அந்த ஆண்டு 30 போட்டிகள் நடந்தன. கார்டு பெற்றவர்களோ ஐந்தே பேர். விளம்பரதாரர் மாற மாறப் பெயரும் மாறியது: 1993இல் நைக்கி, 2000இல் பை டாட் காம், 2003இல் நேஷன்வைடு, 2012இல் வெப் டாட் காம், 2019 நடுவிலிருந்து கோர்ன் ஃபெரி. கோர்ன் ஃபெரி என்பது பெரிய நிறுவனங்களுக்கு உயர் அதிகாரிகளைத் தேடிக் கொடுக்கும் அமெரிக்க ஆலோசனை நிறுவனம். தொடக்க ஆண்டிலிருந்து இன்றுவரை நிற்கும் ஊர்களில் விச்சிட்டா, நாக்ஸ்வில், பாய்சி முக்கியமானவை.

பனாமா வெயில், பொகோட்டா உயரம்

ஜனவரி குளிரில் வட அமெரிக்க மைதானங்கள் பலவும் உறைந்து கிடக்கும். அதனால் சீசனின் முதல் கட்டம் தெற்கே. பஹாமாஸில் இரண்டு போட்டிகள், பிறகு பனாமா, கொலம்பியா, அர்ஜென்டினா, சிலி. இங்கே ஆடுகிறவர்களிடம் தனி விமானம் கிடையாது. மலிவான டிக்கெட், நடுராத்திரி விமான மாற்றம், வந்து சேராத கோல்ஃப் பை, புரியாத ஸ்பானிஷ் மெனு, இவற்றோடுதான் மறுநாள் காலை முதல் குழியில் நிற்க வேண்டும்.

ஆட்டமும் வாரத்துக்கு வாரம் மாறும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியை விடவும் உயரம். காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். எந்தக் கட்டையால் எவ்வளவு தூரம் என்று வருடக்கணக்காக மனதில் பதிந்த எண்களை எல்லாம் ஒரு வாரத்துக்கு மறந்துவிட்டு, புதுக் கணக்குப் போட்டு அடிக்க வேண்டும். அடுத்த வாரம் கடல்மட்டத்துக்கு இறங்கினால் பழைய கணக்கு.

2024 பிப்ரவரியில் அந்தப் பொகோட்டாவில்தான் சிலி நாட்டின் கிறிஸ்டோபால் டெல் சோலார் முதல் நாள் ஆட்டத்தை 57 அடிகளில் முடித்தார். பார் 70. ஒன்பது பெர்டி (ஒரு குழியில் பாருக்கு ஒன்று குறைவு), இரண்டு ஈகிள் (இரண்டு குறைவு). பி.ஜி.ஏ. டூர் நடத்தும் எந்தத் தொடரிலும் அதற்கு முன் யாரும் தொடாத எண் அது. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அந்த வாரப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. வென்றவர் கெவின் வீலோ. இந்த டூரின் தரம் எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. ஒரு நாள் வரலாறு படைத்தாலும் மீதி மூன்று நாள் மற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. டெல் சோலார் சோர்ந்துவிடவில்லை. அந்த ஆண்டு முடிவில் கார்டை வாங்கிக்கொண்டுதான் போனார்.

மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்காவின் நடுத்தர ஊர்களுக்கு டூர் திரும்புகிறது. பலர் காரிலேயே ஊர்விட்டு ஊர் போகிறார்கள். ஓட்டல் செலவை மிச்சப்படுத்த, போட்டி நடக்கும் ஊரில் உள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டு அறையை ஒரு வாரத்துக்கு இவர்களுக்கு விடுவது பழைய வழக்கம். வருடா வருடம் அதே வீடு, அதே அறை என்று உறவாகிவிடும். அந்தக் குடும்பங்கள் மைதானத்துக்கு வந்து கயிற்றோரம் நடந்துகொண்டே தங்கள் பிள்ளைக்காகக் கைதட்டுவார்கள். பெரிய டூரில் ஆயிரக்கணக்கில் கூட்டம் இருக்கும். இங்கே ஒரு வியாழக்கிழமைக் காலையில் சில ஆட்டக்காரர்களுக்கு அந்த ஒரு குடும்பம்தான் கூட்டம்.

ஊர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் போட்டிகளை உள்ளூர் தொண்டு அமைப்புகளும் தன்னார்வலர்களும் தாங்கிப் பிடிக்கிறார்கள். வருகிற பணம் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பள்ளி உதவிக்கோ போகிறது. விச்சிட்டா போன்ற ஊரில் 1990 முதல் இது நடக்கிறது என்றால், நாளைய நட்சத்திரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுகிற பெருமையும் சேர்ந்துதான்.

வியாழன், வெள்ளி: கையில் ஒன்றுமில்லை

இப்போது பணத்துக்கு வருவோம். வழக்கமான ஒரு போட்டியின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். நம் பணத்தில் எட்டுக் கோடிக்கு மேல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. முதலிடத்துக்கு அதில் 18 சதவீதம், அதாவது 1,80,000 டாலர். கீழே இறங்க இறங்கத் தொகை சரிந்துகொண்டே வந்து, கடைசியாகப் பணம் பெறுகிறவருக்கு நாலாயிரம் டாலர் வாக்கில் மிஞ்சும்.

அதுவும் 'கட்' என்ற எல்லைக்கோட்டைத் தாண்டியவர்களுக்கு. முழு அளவுப் போட்டியில் 156 பேர் ஆடுகிறார்கள். இரண்டு நாள் முடிவில் முதல் 65 பேரும், அந்த 65ஆவது இடத்தோடு சமநிலையில் இருப்பவர்களும் மட்டும் வார இறுதிக்குப் போவார்கள். மற்றவர்களுக்குப் பரிசுப் பணம் ஒரு சென்ட் கிடையாது. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, பை சுமக்கும் கேடிக்கு வாரச் சம்பளம் எல்லாம் சேர்த்தால், எவ்வளவு சிக்கனமாகப் பார்த்தாலும் இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். கேடியின் நிலை இன்னும் மோசம். அடிப்படைச் சம்பளத்தோடு ஆட்டக்காரர் சம்பாதிப்பதில் ஒரு பங்கு என்பதுதான் அவருடைய ஒப்பந்தம். ஆட்டக்காரர் வெள்ளிக்கிழமையே மூட்டை கட்டினால் பங்கு பூஜ்ஜியம்.

ஒரு குழியில் அரை அங்குலம் தள்ளிப்போன பட் (குழியை நோக்கி உருட்டும் அடி), சம்பளம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. வேறு எந்த வேலையில் இப்படி உண்டு?

மேக்ஸ் ஹோமாவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கல்லூரி கோல்ஃபில் அமெரிக்காவின் தனிநபர் சாம்பியன் அவர். 2016–17 சீசனில் பி.ஜி.ஏ. டூரில் 17 போட்டிகள் ஆடி, இரண்டே இரண்டில் 'கட்'டைத் தாண்டினார். ஆண்டு முழுவதும் சம்பாதித்தது 18,008 டாலர். கார்டு போனது, இரண்டாம் படிக்கு இறங்கினார். 2018 ஆகஸ்டில் போர்ட்லாந்து போட்டி. வெள்ளிக்கிழமை மாலை, நான்கு குழிகள் பாக்கி. நான்கிலும் பெர்டி போட்டால்தான் வார இறுதி உண்டு. நான்கிலும் போட்டார். அந்த ஆண்டு கார்டு திரும்பக் கிடைத்தது. அடுத்த மே மாதமே பி.ஜி.ஏ. டூரின் வெல்ஸ் ஃபார்கோ பட்டத்தை வென்றார். அந்த நான்கில் ஒரு பட் வெளியே நின்றிருந்தால் ஹோமா என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

2016இல் ஸாண்டர் ஷாஃப்லேவுக்கு நேர்ந்ததும் அப்படித்தான். அப்போது பணப் பட்டியலின் முதல் 25 இடங்களுக்குக் கார்டு, அவர் 26ஆவது. வித்தியாசம் ஆயிரம் டாலருக்கும் குறைவு. நல்லவேளை, அந்தக் காலத்தில் கடைசிச் சுற்றுப் போட்டிகள் வழியாக இன்னொரு 25 கார்டுகள் இருந்தன. அதில் தப்பிப் பிழைத்தார். மறு ஆண்டே சிறந்த அறிமுக வீரர். 2024இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், ஓப்பன் என்று ஒரே ஆண்டில் இரண்டு மேஜர் பட்டங்கள். இன்றைய 20 கார்டுக் கணக்கில் அந்த ஆண்டு அவர் எங்கே நின்றிருப்பார்? இன்னொரு ஜனவரியில் பஹாமாஸ் காற்றில்.

*பெட்டிச் செய்தி*
இந்தப் படியில் நின்றவர்கள்
ஸ்காட்டி ஷெஃப்லர்: 2019இல் இரண்டு பட்டங்கள், அந்த ஆண்டின் சிறந்த வீரர். பிறகு 2022, 2024 மாஸ்டர்ஸ்.
ஸாக் ஜான்சன்: 2003இல் பணப் பட்டியலில் முதலிடம், 2007இல் மாஸ்டர்ஸ்.
ஜேசன் டே: 2007இல் 19 வயதில் வென்று இந்த டூரின் அதுவரையிலான மிக இளைய சாம்பியன் ஆனார்.
ஜேசன் கோர்: 2005இல் அடுத்தடுத்து மூன்று பட்டங்கள், நடுவே ஒரு 59. உடனடி உயர்வு பெற்று அதே ஆண்டு பி.ஜி.ஏ. டூரிலும் வென்றார்.
மேட் மெக்கார்ட்டி: 2024இல் மூன்று பட்டங்களோடு உடனடி உயர்வு. சில வாரங்களில் யூட்டாவில் நடந்த பிளாக் டெசர்ட் போட்டியில் பி.ஜி.ஏ. பட்டம்.

ஏன் குறைத்தார்கள்?

நிர்வாகத்தின் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பழைய முறையில் 30 பேருக்குக் கார்டு கொடுத்தார்கள். ஆனால் போட்டிகளில் இடம் கொடுக்கவில்லை. முன்னுரிமை வரிசையில் இவர்கள் கீழே இருப்பதால், பல வாரங்கள் மைதானத்துக்கு வந்து, யாராவது விலகுவார்களா என்று காத்திருந்து, ஆடாமலே திரும்பினார்கள். 156 பேர் ஆடும் போட்டிகள் இருட்டுவதற்குள் முடியாமல் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போயின. எனவே 2026 முதல் போட்டியாளர் எண்ணிக்கையைக் குறைத்து, முழு உரிமை பெற்றவர்களை 125இலிருந்து 100 ஆக்கி, கீழிருந்து வருகிறவர்களை 20 ஆக்கினார்கள். குறைவான கார்டு, ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் கூடுதல் ஆட்டம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

பாதி சரி. ஆட இடம் தராத கார்டு வெறும் அட்டைதான். ஆனால் மீதிப் பாதியை யாரும் உரக்கப் பேசுவதில்லை. மேலே உள்ள வாசல் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கப்பட்டிருக்கிறது. கல்லூரித் தரவரிசையில் முதலிடம் பெறும் மாணவருக்கு 2023 முதல் நேரடியாகப் பி.ஜி.ஏ. கார்டு; லுட்விக் ஓபெரி அப்படி வந்த முதல் ஆள். அவருக்கு அடுத்த நிலையில் உள்ள மாணவர்கள் கோடையில் நேராகக் கோர்ன் ஃபெரி டூருக்குள் வருகிறார்கள். ஐரோப்பிய டூரிலிருந்து ஆண்டுக்குப் பத்துப் பேருக்குக் கார்டு. டிசம்பரில் நடக்கும் தகுதித் தேர்வில் முதல் ஐந்து இடங்களுக்குக் கார்டு. இத்தனை பேருக்கும் வழி விட்ட பிறகு, நசுங்குவது முப்பதைத் தாண்டிய, இரண்டு குழந்தைகளோடு வீட்டுக்கடன் கட்டும் ஆட்டக்காரர். அவர் திறமை குறைந்தவர் அல்லர். பட்டியலில் 24ஆம் இடத்தில் முடித்தவர். 2024 வரை அந்த 24ஆம் இடத்துக்குக் கார்டு. இப்போது அது இன்னொரு வருடக் காத்திருப்பு.

கார்டு வாங்கிய 20 பேருக்கும் நிம்மதி இல்லை. புதியவர்களின் முன்னுரிமை வரிசை சீசன் நடுவே புள்ளிகளின்படி மாற்றி அமைக்கப்படும். தொடக்கத்தில் நான்கைந்து போட்டிகள் சறுக்கினால் கோடைக்குள் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்கள். எழுபது எண்பது பேர் மட்டும் ஆடும், இரண்டு கோடி டாலர் பரிசுள்ள சிறப்புப் போட்டிகளில் இவர்களுக்குத் தானாக இடம் கிடையாது.

விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெயர்

2025 சீசனை ஜானி கீஃபர் என்ற டெக்ஸாஸ்காரர் ஆண்டார். முந்தைய ஆண்டு மூன்றாம் படியான பி.ஜி.ஏ. டூர் அமெரிக்காஸில் முதலிடம், 2025இல் இரண்டாம் படியில் முதலிடம். வருடத்துக்கு ஒரு படி என்று ஏறினார். இரண்டு பட்டங்கள் வென்ற நீல் ஷிப்லியும் மேலே போனார்.

நம் கண்ணை இழுத்த பெயர் வேறு. சுதர்சன் எல்லமராஜு. விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். நான்கு வயதில் பெற்றோரோடு கனடாவின் வின்னிபெக்குக் குடிபெயர்ந்தார். பெரிய பயிற்சியாளர், அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை என்ற வழக்கமான பாதை அவருக்கு அமையவில்லை. யூடியூபில் வீடியோ பார்த்துப் பார்த்தே ஸ்விங் கற்றுக்கொண்டார். 2025 ஜனவரியில் பஹாமாஸின் கிரேட் அபாகோ போட்டியில் ஐந்து அடிகள் வித்தியாசத்தில் வென்றார். அக்டோபரில் இந்தியானா மாநிலத்தின் ஃப்ரெஞ்ச் லிக்கில், பீட் டை வடிவமைத்த மலைமேட்டு மைதானத்தில் சீசன் முடிந்தபோது, முதல் 20 பேருக்குள் ஒட்டி உள்ளே நுழைந்திருந்தார். ஜனவரியில் ஒரே வாரத்தில் சேர்த்த அந்த 500 புள்ளிகள் இல்லையென்றால் அது நடந்திருக்காது.

இந்தியர்களுக்கு இந்தப் படி புதிதல்ல. பி.ஜி.ஏ. டூரில் ஆடிய முதல் இந்தியரான அர்ஜுன் அட்வால், 2008இல் இங்கே இறங்கி வந்து சட்டனூகாவில் பட்டம் வென்றார். 2010இல் மறுபடியும் கார்டை இழந்தார். வின்டம் போட்டிக்குத் திங்கட்கிழமை நடந்த தகுதிச் சுற்றில் வரிசையில் நின்று நுழைந்து, ஞாயிற்றுக்கிழமை கோப்பையோடு வெளியே வந்தார். பி.ஜி.ஏ. டூரில் ஓர் இந்தியரின் முதல் பட்டம் அது. திங்கள் தகுதிச் சுற்றிலிருந்து வந்து ஒருவர் வெல்வது அதற்கு முன் கடைசியாக 1986இல்தான் நடந்திருந்தது. இப்போதைய சீர்திருத்தத்தில் அந்தத் திங்கட்கிழமை இடங்களையும் குறைத்திருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

கார்டின் எண்ணிக்கையை மீண்டும் 30 ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வாசலைச் சிறிதாக்கியவர்கள், வாசலில் நிற்பவர்களின் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். பி.ஜி.ஏ. டூருக்கு இந்த யோசனை அந்நியமும் அல்ல. தன் முழு உரிமை உறுப்பினர்களுக்கு 2023 முதல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் வருமானத்துக்கு அது உத்தரவாதம் தருகிறது. அதற்குக் குறைவாகச் சம்பாதித்தால் மீதியை டூரே போட்டு நிரப்பும். மேல்மாடியில் உள்ளவர்களுக்கு வலை விரித்தாயிற்று. கயிற்றில் நடப்பவர்கள் கீழ்ப்படியில் இருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு போட்டியில் 'கட்'டைத் தாண்டாமல் வெளியேறுகிறவர்கள் அதிகபட்சம் 91 பேர். ஆளுக்கு ஆயிரம் டாலர் பயணப்படி என்றால் வாரத்துக்கு 91,000 டாலர். சீசனின் 26 போட்டிகளுக்கும் அப்படியே கொடுத்தால்கூட மொத்தம் 23 லட்சத்து 66 ஆயிரம் டாலர். பி.ஜி.ஏ. டூரின் ஒரே ஒரு சிறப்புப் போட்டியில் முதல் பரிசு 36 லட்சம் டாலர்.